நாலு ஸ்டூல்

ஒன்பதே காலுக்கு ஸ்கேன் சென்டர் ஷட்டர் இறங்கும்.
எட்டரைக்கே விடுதியில் சோற்றுப் பாத்திரத்தைக்
கழுவிக் கவிழ்த்துவிடுவார்கள்.
அந்த முக்கால் மணி நேரப் பள்ளத்தை நிரப்ப
கோரிப்பாளையத்தில் எனக்கொரு இரவுச் சாப்பாடு வேண்டும்,
எண்பது ரூபாய்க்குள்.

மதுரையில் சாப்பாட்டுக்கு வழி கேட்டால்
தெரியாது என்று யாரும் சொல்வதில்லை.
ரிசப்ஷன் ஜெயசுதா பன் பரோட்டா என்றாள்.
டாக்டரின் டிரைவர் கறி தோசைக்குச்
சிம்மக்கல் வரை போகச் சொன்னார்,
ஆட்டோவுக்கு யார் தருவது என்பதைச் சொல்லவில்லை.
வாட்ச்மேன் மொக்கச்சாமி
இருபது வருஷம் முன்பே மூடிய கடைக்கு
வழி சொன்னார், அவ்வளவு துல்லியமாக,
இடதுபக்கம் திரும்பியதும் எனக்கே சால்னா மணத்தது.
அங்கே இப்போது செல்போன் கவர் விற்கிறார்கள்.

ஒரு வாரம் அலைந்தேன்.
ஒரு கடையில் இட்லி கல், சாம்பார் தண்ணீர்.
இன்னொன்றில் கொத்துபரோட்டாத் தாளம்
பாலம் வரை கேட்டது. உள்ளே போனால்
உட்கார்ந்திருந்த பதினெட்டு பேரும்
நான் பிய்த்த துண்டு வாய்க்குப் போய்ச் சேர்கிறதா என்று
பார்த்துக்கொண்டிருந்தார்கள்.
"ஃபேமிலி ரூம் மாடியில" என்றார் கல்லாக்காரர்.
நான் ஒரே ஆள் என்றேன்.
ஒரே ஆள் ஃபேமிலி ஆகுமா என்று
அவரும் யோசித்தார், நானும் யோசித்தேன்.
மாடியில் ஏசி.
ஏசிக்குத் தனி விலை.
மறுநாள் காலை டீ போச்சு.

எட்டாவது நாள் மழை.
மூடிய மருந்துக்கடை வாசலில் ஒதுங்கினேன்.
எனக்கு முன்பே ஒதுங்கியிருந்தது ஒரு தள்ளுவண்டி,
தார்ப்பாய்க்கு அடியில் ஆவி பறக்க.
பெயர்ப்பலகை கிடையாது.
நாலு ஸ்டூல், ஒன்றுக்குக் கால் ஆட்டம்.
ஒச்சம்மா கேட்டது ஒன்றே ஒன்றுதான்:
"ஒறப்பு தாங்குவியா?"

ஊர் கேட்கவில்லை. கல்யாணம் ஆச்சா கேட்கவில்லை.
நாலு இட்லி, முட்டை தோசை, தண்ணிச் சட்னி, மிளகாய்ச் சட்னி.
தேங்காய்ச் சட்னி தீர்ந்துபோனதற்கு ஈடாக
ஒரு கரண்டி குடல் குழம்பு, கணக்கில் வராமல்.
வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த காசிமாயன்
இலையில் காலியாகும் இடத்தை மட்டும் பார்த்தார்,
என்னைப் பார்க்கவில்லை.
கண்ணிலும் மூக்கிலும் ஒழுக ஒழுகச் சாப்பிட்டேன்.
மிளகாயா, வேறு ஏதாவதா,
மழையில் யாருக்கும் தெரியாது.
ஐம்பத்தைந்து ரூபாய்.

அதன்பின் ஐந்து மாதம்.
ஆடும் ஸ்டூல் என்னுடையது.
வீணாய்ப்போன எக்ஸ்ரே பிலிம் ஒன்றை,
யாருடைய தோள்பட்டையோ,
மடித்து அதன் காலுக்குக் கொடுத்திருக்கிறேன்.

போன செவ்வாய் விடுதிக்குப் புதிதாக வந்தாள்
தேவகோட்டைக்காரி தேனம்மை,
பேங்க் பரீட்சைக்குப் படிக்கிறவள்.
"அக்கா, பக்கத்துல நல்லாவும் இருக்கணும்,
காசும் கம்மியா இருக்கணும். எங்க சாப்பிட?"

ஆட்டோக்காரர்கள் இரண்டு பேர்,
நைட் டியூட்டிக்குப் போகும் நர்ஸ் ஒருத்தி, நான்.
ஸ்டூல் கணக்கு சரியாக இருந்தது.
கல் இட்லிக் கடைக்கு வழி சொன்னேன்,
மொக்கச்சாமியே தோற்றுப்போகும் துல்லியத்தில்.

வியாழக்கிழமை போனால்
என் ஸ்டூலில் அவள்.
எக்ஸ்ரேயை இன்னும் ஒரு மடிப்பு மடித்து
ஆட்டமே இல்லாமல் உட்கார்ந்திருந்தாள்.
"இந்தப் புள்ள ஒறப்புக்கு அசர மாட்டேங்குது" என்றாள் ஒச்சம்மா,
தானே பெற்றவள்போல.
தேனம்மை வாய் நிறைய இட்லியோடு
பாதி ஸ்டூலுக்கு நகர்ந்தாள்.
"நீங்க சொன்ன கடை நல்லாவே இல்லக்கா.
தேடித்தேடி இதக் கண்டுபிடிச்சேன்.
மொதல்ல உங்களுக்குத்தான் சொல்லணும்னு இருந்தேன்."

நின்றபடியே இலையை வாங்கினேன்.
மிளகாய்ச் சட்னி இன்னொரு கரண்டி கேட்டேன்.

இன்றைக்கு மழை இல்லை.